இந்தப் பக்கம் மேலே

ஐஸ்கட்டிகள் வந்து இறங்கியபோது ஜலஜா பின்பக்கத்து பால்கனியில் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் டார்ச். இன்னொரு கையில் ஸ்பிரிட்டில் முக்கிய பழைய டூத் பிரஷ். கூடத்தில் அவள் புருஷன் பட்டாபி விடியற்காலையிலிருந்து மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார். ஜூன் மாதத்து டில்லி. காலையிலேயே சுவர் சுட்டது. ஐஸ் கொண்டுவந்தவன் மாடிப்படி நெடுக மரத்தூளைச் சிந்திவிட்டு, எங்கே வைப்பது என்று ஹிந்தியில் சத்தம் போட்டான். பதில் சொல்ல வேண்டியவள் வால்வு சொருகுகிற துளைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டு விசாலாக்ஷி மாமிதான் ஐஸ்காரனுக்கு வழி காட்டிவிட்டு பால்கனிக்கு வந்தாள்.

"ஏண்டி ஜலஜா, நோக்கு என்ன பித்து கித்து பிடிச்சுடுத்தா? துக்கம் கேக்க வரவா எல்லாரும் நீ எங்கேன்னு கேக்கறா. நீ இங்க சாமான் துலக்கிண்டிருக்கே!"

"இதோ வரேன் மாமி. இந்த ஒரு மூலைதான் பாக்கி."

"நாளைக்குத் துடைச்சா என்ன, ஓடியா போயிடும்?"

"மத்தியானம் அக்கா வந்துடுவா" என்றாள் ஜலஜா. தலையை வெளியே எடுக்கவில்லை.

மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. நாத்தனார் வருகிறாள் என்றால் வீட்டைப் பெருக்கலாம், காபிக்குப் பால் வாங்கி வைக்கலாம். பிணத்தைக் கூடத்தில் போட்டுவிட்டு யாராவது ஆம்ப்ளிஃபயரைத் துடைப்பார்களா? அழ முடியாமல் மூளை குழம்பிப்போன பெண்களை மாமி பார்த்திருக்கிறாள். அந்த வகையில் இவளையும் சேர்த்துவிட்டு, பெருமூச்சோடு உள்ளே போனாள்.

ஜலஜாவுக்கு மூளை குழம்பவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் மிகத் தெளிவாக இருந்தது அவள் ஒருத்திதான்.

பட்டாபி மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர். அவர் ஃபைலில் எழுதிய குறிப்பு எதுவும் யாருக்கும் ஞாபகம் இருக்கப்போவதில்லை. ஆனால் அவர் கிடார் கேட்காமல் ஆர்.கே. புரத்தில் ஒரு நவராத்திரி கழிந்ததில்லை. மடியில் படுக்கவைத்து, ஒரு இரும்புக் கட்டையைக் கம்பிகளின் மேல் வழுக்கி வாசிக்கிற ஹவாயன் கிடார். கல்யாண ரிசப்ஷனில் சினிமாப் பாட்டு வாசிக்கத்தான் அந்த வாத்தியம் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்க, இவர் அதில் சஹானா ராகம் வாசிப்பார். கேட்கிறவர்கள் கையில் சுண்டலை வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து நிற்பார்கள்.

போன வருஷம் சிறுநீரகம் இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்தன. உப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உப்பில்லாத சாப்பாட்டைக்கூட அவர் சகித்துக்கொண்டார். விரலில் பலம் போனதைத்தான் சகிக்க முடியவில்லை. கம்பியை அழுத்திச் சுண்ட வரவில்லை. மெல்லச் சுண்டினால், மைக் செட் கடையில் வாங்கிய பழைய பெட்டியின் இரைச்சலுக்குள் ஸ்வரம் முழுகிப் போயிற்று. தொட்டால் பேசுகிற பெட்டி ஒன்று கிடைக்குமா என்று ஊர் ஊராக விசாரித்ததில், மதராஸில் திருவல்லிக்கேணி அய்யாசாமியின் பெயர் வந்தது.

அய்யாசாமிக்குக் கடை கிடையாது, போர்டு கிடையாது. வீட்டு மாடியில் தனி ஆளாக, பழைய ரேடியோவில் ஒளிர்கிற கண்ணாடி வால்வுகளை வைத்து ஆம்ப்ளிஃபயர்களைக் கையாலேயே கட்டுகிறவர். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. வாசிக்கிறவருக்கு விரல் எப்படி, அறை எவ்வளவு பெரிது, கேட்பவர்கள் எத்தனை தூரத்தில் உட்காருவார்கள் என்றெல்லாம் கேட்டுக்கொண்ட பிறகுதான் பலகையையே அறுப்பார். பட்டாபியின் அக்கா அனந்தலக்ஷ்மி மதராஸில் இருந்தது சௌகரியமாகப் போயிற்று. அவள் வாரா வாரம் போய், அந்த மாடியில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, அய்யாசாமி ஈயம் பற்றவைப்பதை மேற்பார்வை பார்த்தாள். தேக்குப் பலகையில் ஒரு கணு இருக்கிறது என்று சொல்லி ஒரு பக்கத்தையே மாற்றவைத்தவள் அவள்தான். தம்பிக்கு ஏதோ அசதி, விரல் வலி என்றுதான் அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் சொல்ல வேண்டாம் என்பது பட்டாபியின் உத்தரவு.

பெட்டி தயாராயிற்று. மரச் சட்டத்துக்குள் இறக்கி ஆணி அடிக்க வேண்டியதுதான் பாக்கி. பின்பக்கம் திறந்த பெட்டி. ஸ்பீக்கருக்குக் கீழே ஒரு குழந்தை உட்காரலாம், அவ்வளவு இடம். டில்லிக்கு ஒரு சாமான் போகிறது, அதற்குள் இத்தனை இடம் சும்மா போகிறது என்றால் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்குத்தான் மனசு கேட்கும்? அய்யாசாமி காபி குடிக்கக் கீழே இறங்கிய நேரம் பார்த்து, அனந்தலக்ஷ்மி தான் கொண்டுவந்திருந்த பெரிய கண்ணாடி ஜாடியை இரண்டு துண்டில் சுற்றி அந்த இடத்தில் பாந்தமாக உட்காரவைத்தாள். ஜாடி நிறைய மாவடு. தம்பிக்கு மாவடு என்றால் உயிர். டில்லியில் அதெல்லாம் எங்கே கிடைக்கும்? ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கிறது என்று ஜலஜா எத்தனையோ தரம் சொல்லியாயிற்று. அது மாவடு இல்லை, மாங்காய் வேஷம் போட்ட வேறு எதுவோ என்பது அக்காவின் கட்சி.

அதோடு விடவில்லை. ஜாடி கவிழாமல் போய்ச் சேர வேண்டுமே என்று, ஆணி அடித்த பிறகு சிவப்புப் பெயிண்ட் வாங்கி, சட்டத்தின் நாலு பக்கமும் பிள்ளையார் சுழி போட்டு, கொட்டை எழுத்தில் 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதினாள். தமிழில். கூடூர் தாண்டினால் அதைப் படிக்க ரயில்வேயில் ஒரு ஜீவன் கிடையாது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

பெட்டி டில்லிக்குத் தலைகீழாக வந்து சேர்ந்தது.

பார்சல் ஆபீசில் அதைப் பார்த்ததும் ஜலஜாவுக்குப் பகீரென்றது. சட்டத்தின் அடியில் ஈரம் கசிந்து சிமெண்டுத் தரையில் ஓடியிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்கப்புறம் எந்தச் சேதத்துக்கும் நஷ்டஈடு கேட்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். "திறந்து காட்டுங்கள், அப்புறம்தான் கையெழுத்து" என்று ஹிந்தியில் பிடிவாதம் பிடித்தாள். க்ளார்க் டீ குடித்தான், ஃபோன் பேசினான், நாளைக்கு வா என்றான். அவள் அங்கேயே ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் ஆள் வந்து பலகையைப் பெயர்த்தான். உடைந்த கண்ணாடியும் கடுகும் மிளகாயும் உப்புநீருமாக மாவடுகள் உருண்டு வெளியே வந்தன.

க்ளார்க் ஒரு மாவடுவைப் பேனா முனையால் தள்ளிப் பார்த்தான்.

"ஆன்ட்டிஜி, நீங்க வரவழைச்சது ரேடியோவா, அசாரா?"

சுற்றி நின்ற கூலிகள் சிரித்தார்கள். அசார் என்றால் ஊறுகாய்; ஊறுகாயால் கெட்ட பெட்டிக்கு யார் நஷ்டஈடு தருவார்கள்? ஜலஜா கையெழுத்துப் போட்டாள். மாவடுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, சொட்டச் சொட்டப் பெட்டியை டாக்ஸியில் ஏற்றினாள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது நிஜம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்கா அவளைச் சும்மா விட்டதில்லை. ரசம் தண்ணி, பொரியல் வேகலை, டில்லிக்காரிக்கு எதுக்குப் புளி, ராஜ்மாவே போறுமே என்று லீவுக்கு லீவு வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். அக்காவே செய்த காரியம், அக்கா கையாலேயே செய்த நாசம், இப்போது அவள் கைக்கு வந்திருக்கிறது. ஒரு இன்லண்ட் லெட்டர் போதும்.

பட்டாபி ஈஸிசேரில் காத்திருந்தார். பிள்ளை ஜம்புவும் டாக்ஸிக்காரனுமாகப் பெட்டியைத் தூக்கிவந்து எதிரே வைத்தார்கள். வீடு முழுக்க மாவடு மணந்தது. என்ன ஏது என்று புரிந்ததும் மனுஷர் சிரித்தார். எத்தனையோ மாசம் கழித்து, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். யாரும் தடுப்பதற்குள் ஒரு விரலை ஈரத் துணியில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

"அக்கா கை உப்பு!"

"ஐயோ, உப்பு ஆகாதுன்னு டாக்டர் தலபாடா அடிச்சுண்டாரே!"

"ஒரு விரல்தானேடி" என்றார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பு இறங்கிவிட்டது. "ஜலஜா, அக்காவுக்கு இது தெரியப்படாது."

"எது?"

"மாவடுதான் பெட்டியைக் கெடுத்துதுன்னு. அவ தாங்க மாட்டா. பெட்டி நன்னா வந்து சேர்ந்துது, நான் வாசிச்சேன்னு எழுதிடு."

ஜலஜாவுக்குச் சுருக்கென்றது. கைக்கு வந்ததை அப்படியே கீழே போடச் சொல்கிறாரே.

"வாசிச்சப்பறம் எழுதறேன். அதுக்கு முன்னாடி பொய்யெல்லாம் நேக்கு எழுத வராது."

"அப்ப வாசிக்கப் பண்ணு" என்றார் பட்டாபி.

அன்றைக்கே அவள் முனிர்காவுக்குப் போய் ஜோதிலிங்கத்தைக் கூட்டிவந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். விமானப்படையில் ரேடியோ பார்க்கிற வேலை. பட்டாபியின் கிடார் கேட்க ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறவன். பெட்டியைப் பார்த்துவிட்டு அவன் தலையைச் சொறிந்தான்.

"உப்புத்தண்ணி மாமி. வெறும் தண்ணின்னா காயவெச்சிரலாம். உப்பு விடாது, கம்பியைத் தின்னுட்டே இருக்கும்."

"கழுவினா?"

"கழுவணும். சுத்தத் தண்ணில, அப்புறம் ஸ்பிரிட்ல. ஒவ்வொரு மூலையா. அதுக்கு ரொம்பப் பொறுமை வேணும் பாத்துக்கிடுங்க."

"பொறுமை நான் போடறேன். வித்தை நீங்க போடுங்கோ" என்றாள் ஜலஜா.

அப்படித்தான் நடந்தது. அவன் பெட்டியைத் தனித்தனியாகக் கழற்றிக் கொடுத்தான். மொட்டைமாடியில் விசாலாக்ஷி மாமி வடாம் பிழிந்திருந்த புடவைக்குப் பக்கத்தில், இன்னொரு பழம்புடவையில், டிரான்ஸ்ஃபார்மரும் வால்வுகளும் காய்ந்தன. டில்லி வெயிலை வாழ்நாளில் முதல் தடவையாக ஜலஜா வாழ்த்தினாள். ஸ்பீக்கரின் காகிதத்தைக் கண்ணாடிச் சில்லு இரண்டு இடத்தில் கிழித்திருந்தது. பட்டம் செய்கிற மெல்லிசுக் காகிதத்தை வாங்கிவந்து பசை தடவி ஒட்டினான் ஜோதிலிங்கம். பட்டாபி படுக்கையிலிருந்தபடியே, "சிவப்புல ஒட்டேன்யா, பார்க்க ஜோரா இருக்கும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிவிடலாம் என்று பேச்சு.

வியாழக்கிழமை அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்காவுக்குத் தந்தி போயிற்று. அவள் ரயில் ஏறிவிட்டாள். சனிக்கிழமை விடிகிற நேரத்தில், ஜலஜா கன்னத்தில் கை வைத்துப் பார்த்தபோது அவர் இல்லை.

அவள் அழுதாள். ஜம்புவைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஆனால் பொழுது நன்றாக விடிந்ததும் மனசில் ஒரே ஒரு விஷயம்தான் நிமிர்ந்து நின்றது. அக்கா வருவாள். வந்ததும் பெட்டியைப் பற்றிக் கேட்பாள். பெட்டி பால்கனியில் துண்டு துண்டாகக் கிடந்தால் கேள்விக்குமேல் கேள்வி வரும். உப்பு பூத்த ஓர் ஆணியைப் பார்த்தால் போதும், கண்டுபிடித்துவிடுவாள். தம்பி போன நாளில், அவன் கடைசி ஆசையைத் தன் கையாலேயே கெடுத்தோம் என்று அவளுக்குத் தெரிந்தால்? வேறு எந்த நாளாவது தெரிந்து தொலையட்டும், இன்றைக்கு இல்லை. அவர் வாழ்நாளில் அவளிடம் கேட்டுக்கொண்டது ரொம்பக் குறைவு. இதைக் கேட்டிருக்கிறார்.

அதனால்தான் டூத் பிரஷ்.

துக்கம் கேட்க வந்த ஜோதிலிங்கம், கூடத்தில் பட்டாபியின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஒரு ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஜலஜா அவனைக் கையைப் பிடிக்காத குறையாக பால்கனிக்குக் கூட்டிவந்தாள்.

"இதைப் பூட்டிடுங்கோ."

"இன்னைக்கா மாமி?" அவன் திகைத்துப் போனான். "சார் அங்க..."

"அவர் சொன்னதுதான். அக்கா வரச்சே இது முழுசா இருக்கணும். சத்தம் வரணும். என்னைக் காரணம் கேக்காதீங்கோ, நேக்கு அழுகை வந்துடும். அழுதா கை ஓடாது."

அவன் அவளையும் பெட்டியையும் பார்த்தான். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஈயம் காய்ச்சற கம்பி எங்க வெச்சீங்க?"

கூடத்தில் யாரோ ஸ்லோகம் சொல்ல ஆரம்பித்தார்கள். பால்கனியில் ஈயம் புகைந்தது. ஜலஜா டார்ச் பிடித்தாள், திருகாணி எடுத்துக் கொடுத்தாள். நடுநடுவே உள்ளே போய், வந்தவர்களுக்கு நடுவில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். தேக்குப் பலகையை டெட்டால் போட்டு மறுபடி மறுபடி துடைத்தாள். மணம் போகவேண்டும் என்று பெட்டியைச் சுற்றிச் சாம்பிராணிகூடப் போட்டாள். விசாலாக்ஷி மாமி அதைப் பார்த்துவிட்டு, பெட்டிக்கும் சேர்த்தே காரியம் பண்ணுகிறாளோ என்று பயந்துபோனாள்.

ஜம்பு ஸ்டேஷனுக்குக் கிளம்பினான். டில்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. பொய் சொல்லத் தெரியாது, தமிழும் முழுசாகத் தெரியாது.

"அம்மா, வண்டி டைம்லதான் வரதாம். ஜல்தி போகணும். அத்தைகிட்ட அப்பா போயிட்டார்னு நானே சொல்லணுமா?"

"நீதான் சொல்லணும்டா. மெதுவா சொல்லு. பெட்டியைப் பத்திக் கேட்டா, அப்பா வாசிச்சார்னு சொல்லு."

"ஜூட் சொல்றதா?"

"ஆமா. பொய்தான். அப்பாவுக்காகச் சொல்லு."

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

அனந்தலக்ஷ்மி மத்தியானம் வந்தாள். கனத்த உடம்பு, முழங்கால் வலி. மாடிப்படியை ஒவ்வொன்றாகக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஸ்டேஷனிலேயே ஒரு பாடு அழுதிருந்தது முகத்தில் தெரிந்தது. கூடத்துக்குள் வந்து, தம்பியின் தலைமாட்டில் விழுந்து, "பட்டு, பட்டு" என்று கன்னத்தைத் தட்டினாள், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று எழுப்புகிறவளைப் போல. ஐஸ் கரைந்து தரையெல்லாம் ஈரம். அவள் புடவை நனைந்ததைப் பற்றி அவளுக்கு நினைவே இல்லை. ஜலஜா பக்கத்தில் நின்றாள். அணைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. இத்தனை வருஷத்தில் செய்யாததை எப்படிச் செய்வது என்று தெரியவில்லை.

கொஞ்சம் ஓய்ந்ததும் அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கிட்னின்னு ஜம்பு சொல்றான். என்கிட்ட அசதின்னு எழுதினேளே."

"அவர்தான் சொல்லப்படாதுன்னுட்டார் அக்கா."

"எப்பவும் அப்படித்தான். காய்ச்சல் வந்தாக்கூட மறைப்பான்." மறுபடி அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். "பெட்டி வந்துதோன்னோ?"

"வந்துது."

"நன்னா வந்துதா? கவிழாம?"

"நன்னா வந்துது. நீங்க எழுதியிருந்தேளே, இந்தப் பக்கம் மேலேன்னு."

கதவோரமாக நின்ற ஜம்பு தலையைக் குனிந்துகொண்டான்.

"வாசிச்சானா?"

"வாசிச்சார்."

"என்ன வாசிச்சான்?"

இதற்கு ஜலஜா தயாராக இருக்கவில்லை. ஆனால் பதில் தானாக வந்தது.

"சஹானா."

அக்காவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "மாவடு?"

"சாப்பிட்டார்" என்றாள் ஜலஜா. இதில் பொய் இல்லை என்பதால் குரல் பிசிறவில்லை. "அக்கா கை உப்புன்னு சொன்னார். சிரிச்சார் அக்கா. அப்படிச் சிரிச்சு எத்தனை மாசமாச்சோ."

அனந்தலக்ஷ்மி தம்பியின் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். முடிந்தது என்று நினைத்தாள் ஜலஜா. சுவரில் சாய்ந்துகொண்டாள். வாசலில் மூங்கில் வந்து இறங்கிற்று. சாஸ்திரிகள் தர்ப்பையை எடுத்துவைக்க ஆரம்பித்தார்.

"ஜலஜா" என்று கூப்பிட்டாள் அக்கா. "அந்தப் பெட்டியை இங்க கொண்டா. கொண்டுபோறதுக்கு முன்னாடி அவன் காதுல அது ஒரு தரம் விழட்டும். நேக்கும் கேக்கணும். முடிஞ்ச அன்னிக்கு அய்யாசாமி வெறும் விரலால தட்டித்தான் காமிச்சார். வாத்தியத்தோட நான் கேக்கவே இல்லை."

கூடம் சலசலத்தது. சாஸ்திரிகள் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க உங்க காரியத்தைப் பாருங்கோ மாமா. நான் என் தம்பிக்கு ஒண்ணு பண்றேன்" என்றாள் அக்கா. அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஜோதிலிங்கம் ஜலஜாவைப் பார்த்தான். அவன் இன்னும் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. கடைசித் திருகாணி முடுக்கி அரை மணி ஆகவில்லை. "கொண்டு வாங்கோ" என்றாள் அவள்.

அவனும் ஜம்புவும் பெட்டியைத் தூக்கிவந்து, முன்பக்கம் அக்காவைப் பார்க்க, பின்பக்கம் சுவரைப் பார்க்க வைத்தார்கள். ஒயரை மாட்டினார்கள். ஜலஜா கிடாரை மடியில் படுக்கவைத்துக்கொண்டு பட்டாபியின் அருகில் உட்கார்ந்தாள். அவள் அதைத் துடைத்திருக்கிறாளே தவிர வாசித்ததில்லை. ஆனால் ஒன்று தெரியும். அந்தக் கிடாரின் கம்பிகளைச் சும்மா மேலிருந்து கீழே வருடினாலே சுருதி சேர்ந்து ஒலிக்கும். அப்படித்தான் அதை முடுக்கி வைப்பார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் அது அந்த மட்டும் கருணை காட்டும்.

ஸ்விட்சைப் போட்டான் ஜோதிலிங்கம். ஒன்றும் நடக்கவில்லை. ஜலஜா அவனைப் பார்த்தாள். ஜோதிலிங்கம் உள்ளங்கையைக் காட்டினான்: பொறுங்கள், வால்வு சூடேற வேண்டும். பெட்டிக்குள்ளிருந்து ஆரஞ்சு வெளிச்சம் மெல்லச் சுவரில் படர்ந்தது. பிறகு மெலிசாக ஒரு ரீங்காரம்.

அவள் கட்டைவிரலால் வருடினாள். பலமாக இல்லை, அவருக்கு வரக்கூடிய அளவு பலத்தில்தான்.

சத்தம் கூடம் முழுக்க எழுந்தது. மெல்லத் தொட்டதற்கு எத்தனை பெரிய, எத்தனை இளகின சத்தம். ஒரு கம்பி கொஞ்சம் இறங்கியிருந்தது. இருந்தாலும் குறை தெரியவில்லை. மாடிப்படியில் பேசிக்கொண்டிருந்த ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஒலி தேய்ந்து தேய்ந்து, வெகுநேரம் கழித்துத்தான் அடங்கிற்று. ஜெயித்துவிட்டோம் என்று ஜலஜாவுக்குப் பட்டது. வாசிக்கப் பண்ணு என்றாரே, பண்ணியாயிற்று, நாள்தான் தப்பிப் போயிற்று. அப்போதுதான், காலையிலிருந்து அடக்கியதெல்லாம் கண்ணில் பெருகிற்று.

அந்தக் கண்ணீரின் ஊடேதான் அந்த வாசனை முதலில் அவள் மூக்கில் ஏறியது.

வால்வுகள் நன்றாகச் சூடேறியிருந்தன. மேலே இருந்த தேக்குப் பலகையும் சூடேறியிருந்தது. எத்தனை டெட்டால் போட்டுத் துடைத்தாலும் மரம் குடித்தது குடித்ததுதானே? கடுகும் மிளகாயும் விளக்கெண்ணெயும் உப்புமாக, மாவடு வாசனை பெட்டியிலிருந்து கிளம்பி, சாம்பிராணியையும் ஊதுவத்தியையும் தாண்டிக் கூடத்தில் நிறைந்தது. விசாலாக்ஷி மாமி மூக்கை உறிஞ்சி இங்கும் அங்கும் பார்த்தாள். ஜோதிலிங்கம் தரையைப் பார்த்தான்.

அனந்தலக்ஷ்மி கண்ணைத் திறந்தாள்.

அவளுக்குத் தன் கைப்பக்குவம் தெரியாதா? தரையில் கையை ஊன்றி எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போனாள். குனிந்தாள். வால்வு வெளிச்சத்தில் எல்லாம் தெரியும் என்று ஜலஜாவுக்குத் தெரியும். ஸ்பீக்கரின் முதுகில் இரண்டு சிவப்புக் காகித ஒட்டு, பலகை இடுக்கில் தேய்த்தும் போகாத வெள்ளைப் பூப்பு, ஜாடி உட்கார்ந்திருந்த இடத்தில் வட்டமாகக் கறை. அக்கா நிமிரவே இல்லை. ஜலஜா கிடாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஓடிப்போய் அவள் கண்ணைப் பொத்த வேண்டும் போல் இருந்தது.

அக்கா திரும்பி வந்தாள். நின்றபடியே ஜலஜாவின் முகத்தைப் பார்த்தாள்.

"வாசிச்சான்னு சொன்னியே."

"வாசிச்சார் அக்கா" என்றாள் ஜலஜா. கண்ணைத் தாழ்த்தவில்லை.

"சஹானாவா?"

"சஹானாதான்."

ஐஸ் தண்ணீர் வாசல் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. சாஸ்திரிகள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நேரமாகிறது என்றார்.

"அத்தை, இதை ஆஃப் பண்ணிடட்டுமா?" என்று ஜம்பு ஸ்விட்சில் கை வைத்தான்.

"வேண்டாம்டா, இருக்கட்டும்" என்றாள் அனந்தலக்ஷ்மி.

அவள் தம்பியின் தலைமாட்டில் விரித்திருந்த பாயில் மெல்ல உட்கார்ந்தாள். பிறகு ஜலஜாவைப் பார்த்துப் புடவையை ஒதுக்கிக்கொண்டு, இன்னொருத்தர் உட்காருகிற அளவுக்கு நகர்ந்துகொண்டாள்.